சீன எழுத்தைக் கைபேசியில் தட்டுவது எப்படி, அந்த முறையைச் சோதிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சீன மொழியில் எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கைபேசியில் இருப்பதோ பன்னிரண்டு பட்டன், இல்லையென்றால் உள்ளங்கை அகலத் தொடுதிரை. இதில் எப்படித் தட்டுகிறார்கள்? அதற்கென்று ஒரு உள்ளீட்டு முறையை உருவாக்கினால், அது நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கீபோர்டு மென்பொருள் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சீன உள்ளீட்டில் நேரம் போவது பெரும்பாலும் தட்டுவதில் அல்ல, தட்டிய பிறகு திரையில் வந்து நிற்கும் எழுத்துகளில் நமக்கு வேண்டியதைத் தேடி எடுப்பதில்தான். வடிவமைப்பவர்கள் பட்டன்களைப் பற்றியே யோசிக்கிறார்கள், சோதிப்பவர்களும் தட்டல்களையே எண்ணுகிறார்கள். இந்தத் துறையில் வந்த பல ‘புதிய முறைகள்’ காகிதத்தில் ஜெயித்துக் கையில் தோற்றதற்கு முக்கியக் காரணம் இது என்பது என் கருத்து.

முதலில் எண்ணிக்கை. 1980இல் சீனா வெளியிட்ட ஜிபி 2312 என்ற கணினிக் குறியீட்டுத் தரத்தில் 6,763 சீன எழுத்துகள் இருந்தன. 2013இல் அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105. அதன் முதல் நிலையில் உள்ள 3,500தான் அன்றாடம் புழங்குபவை. இவற்றை உள்ளே கொண்டுவர இரண்டே வழி: ஒலியைச் சொல்வது, அல்லது உருவத்தைச் சொல்வது.

ஒலி என்றால் பின்யின். 1958இல் சீன அரசு ஏற்ற ரோமன் எழுத்துமுறை அது. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தொனியை, அதாவது பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கத்தை, விட்டுவிட்டால் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் மொத்தம் சுமார் 400 அசைதான் உண்டு. சிக்கல் இங்கேதான். தமிழில் ‘அம்மா’ என்று எந்த முறையில் தட்டினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே சொல். சீனத்தில் ‘ஷி’ என்று தட்டினால் பத்து, ஆம், நேரம், விஷயம், ஆசிரியர், சிங்கம், நகரம் என்று டஜன் கணக்கில் எழுத்துகள் வரிசை கட்டும். தொனியையும் சேர்த்துத் தட்டச் சொன்னால் கூட்டம் குறையுமே என்று தோன்றும். குறையும்தான். ஆனால் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு கூடிவிடும். பேசும்போது தொனி தானாக வரும். அதையே ஒன்றாம் தொனியா நான்காம் தொனியா என்று எண்ணாகச் சொல்லச் சொன்னால் சொந்த மொழிக்காரரே ஒரு கணம் நிற்பார். ஆகவே சீனப் பெருநிலத்தில் பெரும்பாலும் யாரும் தொனி தட்டுவதில்லை. அந்தச் சுமையை மென்பொருள்தான் தூக்குகிறது.

உருவ வழியில் கணினிக்கு வூபி இருந்தது. வாங் யோங்மின் 1983இல் கொண்டுவந்தது. எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, அதிகபட்சம் நான்கு தட்டில் கொண்டுவந்துவிடும். தொழில்முறைத் தட்டச்சர்கள் பறந்தார்கள். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியது அதிகம், கைபேசிக்கு அது தோதாகவும் இல்லை. கைபேசிக்கு வந்தது அதைவிட எளிமையான ஐந்து கோட்டு முறை.

1990களின் இறுதியில் பட்டன் கைபேசிகள் சீனாவில் பரவத் தொடங்கியபோது சியாட்டிலின் டெஜிக் நிறுவனம் டி9 என்ற, தட்டலிலிருந்து சொல்லை ஊகிக்கும் மென்பொருளையும், கனடாவின் கால்கரியில் இருந்த ஸி நிறுவனம் தன்னுடையதையும் கைபேசி உற்பத்தியாளர்களுக்கு விற்றன. எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 0.1 யுவான்தான் செலவு. ஒரு செய்தியில் 70 எழுத்து. யூனிகோடு முறையில் தமிழுக்கும் அதே 70தான். ஆனால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 5 இடத்தைத் தின்றுவிடும். சீனத்தில் 70 எழுத்து என்றால் கிட்டத்தட்ட ஒரு சிறு கடிதம். அதனால் அங்கே எஸ்எம்எஸ் மீது பெரிய மோகம் இருந்தது, அதைத் தட்டுவதற்கு நல்ல முறை வேண்டும் என்ற தேவையும் இருந்தது.

ஐந்து கோட்டு முறை இப்படி. எந்தச் சீன எழுத்தானாலும் அதன் ஒவ்வொரு கோடும் ஐந்து வகையில் ஒன்றில் அடங்கும். கிடைக்கோடு 1, நிலைக்கோடு 2, இடப்பக்கம் சாய்ந்து இறங்குவது 3, புள்ளி 4, முறிந்து திரும்புவது 5. ‘மரம்’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு கோடு, மேலிருந்து கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தட்ட வேண்டியது 1, 2, 3, 4. வலப்பக்கம் சாய்வது புள்ளியின் வகையில் சேரும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து ‘நான்’ என்ற எழுத்து. அதன் வரிசை 3, 1, 2, 1, 5, 3, 4. மூன்றாவது கோடு நிலைக்கோடு, அடியில் ஒரு கொக்கி உண்டு, இருந்தாலும் 2தான். நான்காவது கீழிருந்து சாய்வாக மேலே ஏறுகிறது. ஆனால் விதிப்படி கிடைக்கோடு, 1. ஐந்தாவதும் கொக்கியோடு முடிகிறது, ஆனால் சாய்ந்த கொக்கி என்பதால் 5. ஒரு கொக்கி 2, இன்னொரு கொக்கி 5! எழுதத் தெரிந்தவருக்கெல்லாம் இந்த வகைப்பாடு தெரிந்திருக்கும் என்று வடிவமைப்பாளர் நினைத்துக்கொண்டால் அங்கேயே தோல்வி. கை எழுதிவிடும், ‘இது எந்த வகை?’ என்று கேட்டால் வாய் திறக்காது.

இதைத்தான் அமெரிக்காவின் மேரிலாந்தில் மின் லின், ஆண்ட்ரூ சியர்ஸ் இருவரும் 2005 வாக்கில் ஆராய்ந்தார்கள். பட்டன் மேல் அச்சிட்டிருக்கும் சின்னப் படம்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். மென்பொருளில் பெரிதாகக் கை வைக்காமல், எந்தக் கோடு எந்தப் பட்டனில் அடங்கும் என்பதைப் படம் தெளிவாகக் காட்டினாலே புதியவர்களுக்குக் கணிசமான வித்தியாசம் வருகிறது என்று காட்டினார்கள். நான் இந்த ஆய்வை மதிப்பதற்குக் காரணம், ஒரு முறை மெதுவாக இருக்கிறது என்றால் அந்த முறையையே குறை சொல்லிவிடாமல், அது மனிதருக்கு எப்படிக் காட்டப்படுகிறது என்று பார்த்ததுதான்.

கோட்டு வரிசை இன்னொரு தலைவலி. ‘பத்தாயிரம்’ என்பதற்கு மூன்றே கோடு உள்ள ஓர் எழுத்து. அரசு விதிப்படி 1, 5, 3. ஏராளமானோர் கையால் எழுதும்போது 1, 3, 5 என்று எழுதுகிறார்கள். தரப்படுத்திய வரிசையை மட்டும் அகராதியில் வைத்தால் பலருக்கு எழுத்து வராது. அவர்கள் தங்களைத்தான் திட்டிக்கொள்வார்கள், மென்பொருளை அல்ல. வழக்கத்தில் உள்ள தவறான வரிசைகளையும் அகராதியில் சேர்த்துவிட வேண்டும். தெரியாத கோட்டுக்குப் பதிலாக ‘ஏதோ ஒன்று’ என்று சொல்ல ஒரு பட்டனும் வேண்டும். ஐபோனின் கோட்டு விசைப்பலகையில் இன்றும் அந்த நட்சத்திரக் குறி இருக்கிறது.

சரி, ஒலி வழிக்கு வருவோம். பன்னிரண்டு பட்டனில் 2 முதல் 9 வரை 26 ஆங்கில எழுத்துகள். பட்டனுக்கு மூன்று அல்லது நான்கு. 94664 என்று தட்டினால் அது இசட்-எச்-ஓ-என்-ஜி ஆகவும் இருக்கலாம், எக்ஸ்-ஐ-ஓ-என்-ஜி ஆகவும் இருக்கலாம். முதலாவது ‘நடு’, இரண்டாவதில் ‘கரடி’யும் ‘அண்ணன்’ என்பதும் வரும். ஐந்து தட்டுக்கும் உள்ள எழுத்துச் சேர்க்கைகளைப் பெருக்கிப் பார்த்தால் 324 வருகிறது. ஆனால் அவற்றில் முழு அசையாக நிற்கக்கூடியவை இந்த இரண்டு மட்டுமே. 400 அசை மட்டும் இருப்பது எழுத்தைத் தேர்வதில் சாபம் என்றால், பட்டனைப் பகிர்வதில் வரம். தொடுதிரை வந்து இவ்வளவு காலமாகியும் சீனாவில் ஏராளமானோர் ‘ஒன்பது பட்டன்’ என்று சொல்லப்படும் இந்த எண்பலகை அமைப்பையே வைத்திருப்பதற்கு இதுதான் அடிப்படை. பட்டன் பெரிது, ஒரு கட்டைவிரல் போதும், குழப்பமும் அப்படியொன்றும் கூடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் இதைப் பழைய பழக்கம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயமான தேர்வு.

அடுத்து 64426. ‘வணக்கம்’ என்ற ‘நி ஹாவ்’. அதே எண்ணில் ‘மி காவ்’, அதாவது அரிசிக் கேக்கும் இருக்கிறது. யாரும் இதில் திணறுவதில்லை. ‘வணக்கம்’ பல மடங்கு அதிகம் வரும் என்பது மென்பொருளுக்குத் தெரியும். இன்னும் சுருக்கமாக, ஒவ்வொரு அசையின் முதல் எழுத்தை மட்டும் தட்டலாம். அப்போது 64 போதும். ஆனால் அதே 64இல் ‘நீ’, ‘வணக்கம்’, ‘அமெரிக்கா’, ‘பையன்’, ‘பெண்பிள்ளை’, ‘வருத்தம்’ எல்லாம் அடங்கிவிடும். தட்டு இரண்டில் முடிந்துவிட்டது என்று மகிழலாம். கண்ணோ அந்தப் பட்டியலில் மேய்ந்துகொண்டிருக்கும். தட்டல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு முறையை எடை போடக் கூடாது என்பதற்கு 64 ஒன்றே போதும்.

உள்ளே என்ன நடக்கிறது? முதல் வேலை அசை பிரிப்பது. எக்ஸ்-ஐ-ஏ-என் என்பது ‘முதலில்’ என்ற ஓரசைச் சொல்லா, ‘ஷி ஆன்’ என்ற நகரமா? எஃப்-ஏ-என்-ஜி-ஏ-என் என்பதை ‘ஃபாங் ஆன்’ என்று பிரித்தால் திட்டம், ‘ஃபான் கான்’ என்று பிரித்தால் வெறுப்பு. மேலதிகாரிக்கு அனுப்பும்போது கவனம் தேவைப்படும் இடம். எல்லாப் பிரிப்புகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து, மொத்த வாக்கியத்துக்கும் சிறந்த பாதையை மென்பொருள் தேர்கிறது. தொடுதிரையில் இன்னொரு கணக்கும் சேரும்: விரல் பட்ட இடம் எந்தப் பட்டனின் நடுவுக்கு எவ்வளவு அருகில் என்பது. விரல் ‘எம்’மின் ஓரத்தில் பட்டாலும் வாக்கியம் ‘என்’ கேட்டால் ‘என்’ என்றே எடுத்துக்கொள்ளும்.

இதோடு உச்சரிப்பு வேறுபாடு. தெற்கே பலர் ‘ஸ’வுக்கும் ‘ஷ’வுக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். சிச்சுவான், ஹூபெய் பக்கம் ‘ந’வும் ‘ல’வும் கலந்துவிடும். ‘அன்’, ‘அங்’ குழப்பமும் பரவலானது. அப்படிப் பேசுபவர் தன் காதுக்குச் சரியாகப் பட்டதைத்தான் தட்டுவார். இதற்கென்றே, குழம்பும் ஒலி இணையில் எதைத் தட்டினாலும் இரண்டையும் தேடும் நெகிழ் பின்யின் என்ற அமைப்பு எல்லா நல்ல மென்பொருளிலும் உண்டு. ஆனால் எல்லா இணைகளையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் தெரிவுகள் (திரையில் தேர்ந்தெடுக்க வந்து நிற்கும் எழுத்துகள், சொற்கள்) பெருகி, சரியாக உச்சரிப்பவருக்கும் சேர்த்துத் தொல்லை. பயனர் எந்த இணையில் திரும்பத் திரும்ப அழித்துத் தட்டுகிறார் என்று பார்த்து அதை மட்டும் திறப்பது நல்ல வழி.

அகராதி எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 2006இல் வந்த சோகோ பின்யின் என்ற உள்ளீட்டு மென்பொருள், தன் நிறுவனத்தின் தேடுபொறியில் சேரும் தரவிலிருந்து புதுச் சொற்களையும் ஆட்பெயர்களையும் உடனுக்குடன் எடுத்துக்கொண்டது. அதன் வெற்றிக்கு அது பெரிய காரணம். 2007 ஏப்ரலில் கூகுள் தன் பின்யின் மென்பொருளை வெளியிட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஃபெங் கோங் என்ற நகைச்சுவை நடிகரின் பெயர், ‘பிங் கோங்’ என்று தவறாகத் தட்டினால் வந்தது. ஃபெங் என்ற அந்த எழுத்துக்கு ‘பிங்’ என்று ஒரு பழைய ஒலியும் உண்டு, அதனால் வந்த பிழை. அதே பிழை சோகோவிலும் இருந்தது. சோகோ பொறியாளர்களின் பெயர்கள்கூட கூகுளின் அகராதியில் கிடந்தன. தன்னுடையது அல்லாத தரவைப் பயன்படுத்தியதாக கூகுள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இதில் சோதிப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி உள்ள இடங்களில் தானியங்கியாகச் சேர்த்த ஒலிக்குறிப்பு தவறும். சோங்சிங் நகரத்தின் முதல் எழுத்தை வேறு இடத்தில் ‘ஜோங்’ என்பார்கள். வங்கி என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து தனியே நின்றால் ‘சிங்’, வங்கியில் ‘ஹாங்’. இப்படிப்பட்டவற்றைத் தனிப் பட்டியலாக வைத்து ஒவ்வொரு பதிப்பிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தெரிவுப் பட்டை பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கைபேசி அகலத்தில் ஓரெழுத்துத் தெரிவு என்றால் ஆறேழு தெரியும், நீளமான சொற்றொடர் என்றால் இரண்டு மூன்றுதான். முதல் தெரிவை எடுக்க ஸ்பேஸ் பட்டன் போதும். கண் பார்க்கவே வேண்டியதில்லை. இரண்டாவதை எடுக்கப் பார்க்க வேண்டும், விரலை நகர்த்த வேண்டும். அம்புக்குறியை அழுத்தி முழுப் பட்டியலைத் திறக்கிறார் என்றால் மென்பொருள் அந்தச் சொல்லில் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே முழு உழைப்பும் முதல் இடத்துக்குப் போக வேண்டும். அப்புறம், இடம் மாறக் கூடாது. பயனர் அடிக்கடி எடுப்பதை முன்னுக்குக் கொண்டுவருவது நல்லதுதான்; ஆனால் விரல் பாதி வழியில் இருக்கும்போது இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறினால் தவறான எழுத்து போய்விடும். கிளவுடிலிருந்து, அதாவது இணையம் வழியே நிறுவனத்தின் கணினியிலிருந்து, தாமதமாக வரும் தெரிவில் இது அடிக்கடி நடக்கும். அதற்கென்று ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதுதான் சரி.

இன்னொன்று, ‘தா’. அவன், அவள், அது மூன்றுக்கும் மாண்டரினில் இதே ஒலி, தொனியும் ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. எந்த மொழி மாதிரியும், அதாவது எந்தச் சொல்லை அடுத்து எது வரும் என்று ஊகிக்கும் நிரலும், இதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. முந்தைய வாக்கியத்தில் அக்காவைப் பற்றிப் பேசியிருந்தால் ஊகிக்கலாம், அவ்வளவுதான். இந்த மூன்றும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் நிலையான வரிசையில் இருந்தால் கை பழகிவிடும்.

இனி சோதனை. இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

சீனத் தட்டச்சர்கள் மூன்று வகைத் தட்டலைப் பிரித்துச் சொல்வார்கள்: கான்தா, திங்தா, சியாங்தா. பார்த்துத் தட்டுவது, கேட்டுத் தட்டுவது, நினைத்துத் தட்டுவது. ஆங்கில ஆய்வுகளில் வழக்கம் என்ன? திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டி ‘இதைத் தட்டு’ என்பார்கள். ஆங்கிலத்தில் இது பெரிய கேடில்லை. சீனத்தில் எழுத்தைக் கண்முன் காட்டிவிட்டால் அதன் கோடுகள் எல்லாம் அங்கேயே தெரிகின்றன. உருவ முறைக்கு விடைத்தாளையே கையில் கொடுத்த மாதிரி. எழுத மறந்துபோன எழுத்தையும் பார்த்து ஒவ்வொரு கோடாகத் தட்டிவிடலாம். மாறாக, ஒலிப்பதிவைக் கேட்கவைத்துத் தட்டச் சொன்னால் பின்யின் ஜெயிக்கும். எந்த முறை சிறந்தது என்பதைச் சோதனைக்கு முன்பே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

நிஜத்தில் கைபேசியில் நடப்பது நினைத்துத் தட்டுவது. ‘இரவுச் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்’, ‘நண்பருக்கு மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி சொல்லுங்கள்’ என்று சூழலைக் கொடுத்துத் தட்ட வைப்பதுதான் உண்மைக்கு நெருக்கம். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்கியம் தட்டுவார்கள், ஒப்பிடுவது கடினம். ஒரு நடுவழி இருக்கிறது: சிறு வாக்கியத்தைக் காட்டுங்கள், மனதில் வாங்கியதும் மறைத்துவிடுங்கள், பிறகு தட்டச் சொல்லுங்கள். உருவம் கண்முன் இருக்காது, வாக்கியமும் எல்லோருக்கும் ஒன்றே. நான் எப்போதும் இதையே சிபாரிசு செய்வேன், கூடவே கொஞ்சம் சூழல் தட்டலும்.

வாக்கியங்களை நாளிதழிலிருந்து எடுக்காதீர்கள். நாளிதழ் நடையில் பயிற்றுவித்த மாதிரியை நாளிதழ் வாக்கியத்தில் சோதித்தால் முதல் தெரிவு மளமளவென்று சரியாக வரும். அரட்டையில் பாதி வாக்கியம், சிரிப்பொலி, ஆட்பெயர், கடைப்பெயர், நடுவில் ஓர் ஆங்கிலச் சொல், அதற்குப் பின் எண். சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறித் திரும்புவதற்கு ஆகும் தட்டல்களை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் காணோம். பயனர்கள் திட்டுவது அதைத்தான்.

அளவீடுகள். நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்பது வேண்டும். ஓர் எழுத்துக்கு எத்தனை தட்டு என்பதும் வேண்டும், அதற்கு மேல் மதிப்பு கொடுக்காமல். முதல் தெரிவு சரியாக வந்த விகிதம் வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்தைத் தட்டிய கணத்திலிருந்து தெரிவைத் தொட்ட கணம் வரையான இடைவெளியைத் தனியே பதிவு செய்யுங்கள். தட்டும் நேரம் ஒரு பக்கம், தேடும் நேரம் ஒரு பக்கம் என்று பிரித்து வரைந்து பார்த்தால் உங்கள் முறையின் குணம் தெரிந்துவிடும். 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்தே பின்யின் தட்டலை ஆராய்ந்தார்கள், தெரிவைக் கண்ணாலேயே எடுக்க முடியுமா என்றும் முயன்றார்கள். அவ்வளவு கருவி இல்லாவிட்டாலும் நேரக் குறிப்பு போதும்.

பிழையை இரண்டு அடுக்கில் எண்ண வேண்டும். தட்டிய ரோமன் எழுத்தில் உள்ள பிழை ஒன்று. கடைசியில் போய்ச் சேர்ந்த சீன எழுத்தில் உள்ள பிழை ஒன்று. ஒரு ரோமன் எழுத்து தவறினால் மூன்று சீன எழுத்து மாறிவிடும். அதை மூன்று பிழை என்பதா, ஒன்று என்பதா? இரண்டையும் தனித்தனியே எழுதிவையுங்கள். ஒலி சரியாக இருந்து எழுத்து தவறிய பிழை ஆபத்தானது, ஏனென்றால் வாசிக்கும்போது மனம் ஒலியைக் கேட்டுத் தாண்டிப் போய்விடும். ‘த’ என்று ஒலிக்கும் மூன்று இலக்கண எழுத்துகளைச் சீனர்களே மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பதா என்று சோதனைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பயனர் அகராதியை ஒருவர் முடித்ததும் சுத்தமாக அழித்துவிட்டு அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஆள் கற்றுக்கொடுத்ததன் பலனை இரண்டாம் ஆள் அனுபவிப்பார். அதே சமயம் புத்தம்புது அகராதியோடு மட்டும் சோதிப்பதும் அநியாயம், நிஜத்தில் எல்லோரும் வருடக்கணக்கில் பழக்கிய அகராதியோடுதான் தட்டுகிறார்கள். தவறாகக் கற்றுக்கொள்வதையும் பாருங்கள்: ஒரு முறை கை தவறி எடுத்த சொல் முதல் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அதை இறக்க எத்தனை முறை சரியானதைத் தேர வேண்டும்?

பங்கேற்பவர்களைத் தேர்வதில் சோம்பேறித்தனம் கூடாது. பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் வந்தால் நெகிழ் பின்யின் தேவையே இல்லை என்று தோன்றிவிடும். பின்யின் பழகாத முதியவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் விரலால் திரையில் எழுதுவார்கள், இல்லை மைக்கைத் தொட்டுப் பேசிவிடுவார்கள். கோட்டு முறை போன்று பழக வேண்டிய ஒன்றை ஒரே அமர்வில் முடிவு கட்டுவதில் பயனில்லை. அதே ஆட்களைப் பல நாள் திரும்ப வரவழைக்க வேண்டும். பழகின ஒன்பது பட்டனையும் புதிதாக வந்த ஒன்றையும் ஒரு மணி நேரத்தில் ஒப்பிட்டால் பழகினதே ஜெயிக்கும், அதில் செய்தி ஒன்றுமில்லை. மேசையில் உட்கார்ந்து இரண்டு கையால் தட்டுவதோடு, நின்றபடி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டுவதையும் பாருங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் வராத, ஆனால் தினம் பயனரைக் கடிக்கும் பிழைகள் வேறு ரகம். பின்யின் தட்டும்போது சிறிது நேரம் எழுத்து ‘பாதி’ நிலையில் இருக்கும்: ரோமன் எழுத்துகள் கட்டத்தில் அடிக்கோட்டோடு நிற்கும், தெரிவு எடுத்ததும்தான் சீனமாக மாறும். ஒரு படிவத்தில் பெயருக்கு நான்கு எழுத்து வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டெழுத்துச் சீனப் பெயர்தான். ஆனால் அதைத் தட்டும்போது ரோமன் எழுத்து ஏழெட்டு ஆகிவிடும். நிரலர் பாதி நிலையையும் எண்ணினால் பெயரே உள்ளே போகாது. தேடல் பெட்டி ஒவ்வொரு தட்டுக்கும் தேடிக்கொண்டிருக்கும். என்டர் தட்டினால் சொல் உறுதியாவதற்குப் பதில் செய்தி பறந்துவிடும். அரிய பெயர் எழுத்துகள் யூனிகோடின் மேல் தளத்தில் இருப்பதால் பல செயலிகளில் இரண்டு துண்டாகச் சேமிக்கப்படும்; ஒரு முறை அழித்தால் பாதி எழுத்து மட்டும் போய்க் குப்பை ஒன்று மிஞ்சும். இவற்றைக் கைபேசி வாரியாக, செயலி வாரியாக உட்கார்ந்து சோதிப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

வலைப்பின்னலையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். தெரிவுகளைக் கிளவுடில் கேட்கும் விசைப்பலகை, நீங்கள் தட்டுவதை வெளியே அனுப்புகிறது என்று பொருள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2024 ஏப்ரலில் ஒன்பது நிறுவனங்களின் பின்யின் விசைப்பலகைகளை ஆராய்ந்து, எட்டில் தட்டல்களை வழியில் இருப்பவர் படித்துவிடக்கூடிய ஓட்டைகளைக் கண்டது; ஹுவாவேயில் மட்டும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டு சோகோவிலும் குறியாக்க ஓட்டை ஒன்றை அதே குழு வெளியிட்டிருந்தது. கிளவுட் தெரிவால் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அது சிறிதாக இருந்தால் அந்த அபாயத்தை ஏன் சுமக்க வேண்டும்?

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் சீனப் பெருநிலத்துக்கு. தைவானில் பள்ளியில் பின்யின் கிடையாது. 37 குறிகள் கொண்ட ஜூயின் என்ற ஒலிக்குறி முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அங்கே தொனியையும் தட்டுவது வழக்கம். ஹாங்காங்கில் பேசுவது கான்டனீஸ். பள்ளியில் ரோமன் முறை எதுவும் ஒழுங்காகக் கற்றுத் தருவதில்லை, அதனால் எழுத்தை உறுப்புகளாகப் பிரித்துத் தட்டும், சூ போங்ஃபூ 1976இல் உருவாக்கிய சாங்ஜியே முறையும், அதில் முதல், கடைசி உறுப்பை மட்டும் தட்டும் ‘விரைவு’ முறையும், விரலால் எழுதுவதும் அங்கே பரவலாக உண்டு. ஓரிடத்தில் கிடைத்த சோதனை முடிவை இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போக முடியாது.

கையில் செய்து பார்க்க விரும்பினால் ரைம் என்ற திறமூல மென்பொருளில் தொடங்குங்கள். ஒலி விதிகள், அகராதி, தெரிவு வரிசை எல்லாம் சாதாரண உரைக் கோப்புகளில் இருப்பதால் நிரல் எழுதாமலே மாற்றிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டுக்கு ட்ரைம் என்ற வடிவம் உண்டு. ஆண்ட்ராய்டின் மூலநிரலிலேயே கூகுள் திறந்துவிட்ட பழைய பின்யின் விசைப்பலகையும் கிடக்கிறது. சிறியது, ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். ஜூயினுக்கு லிப்சூயிங் என்ற திறமூல மென்பொருள் உண்டு. முதலில் ஒரு வாக்கியத் தொகுப்பை எடுத்து இரவில் தானாக ஓட்டி, முதல் தெரிவு எத்தனை முறை சரி என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அதில் கை தவறாத, கண் தேடாத ஒரு கற்பனை மனிதர்தான் தட்டுகிறார் என்பதால் அந்த எண் எப்போதும் அழகாகவே இருக்கும். இரண்டு பதிப்புகளை ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.